பம்ப்ளிமாஸ்: ஒரு பெரிய பழத்தின் எடை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். பேச மாட்டார். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், கைப்பந்து சைஸுக்குக் கொஞ்சம் கம்மி. நேத்து கோயம்பேட்டில் வாங்கின பம்ப்ளிமாஸ் பழம்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் தராசில் வச்சுப் பார்த்தேன். 1 கிலோ 420 கிராம். குறுக்களவு 16 செ.மீ. இதோட சேர்த்து இன்னொண்ணும் வாங்கி உரிச்சும் பார்த்தேன். அதுவும் கிட்டத்தட்ட இதே எடை. தோல், சவ்வு, விதை எல்லாம் எடுத்த பிறகு வாயில் போடக்கூடிய சுளை 740 கிராம்தான் தேறிச்சு. பாதிக்குப் பாதி குப்பைக்கூடைக்குப் போச்சு. பழக்காரர் இதை முன்னாடியே சொல்லிட்டார். "எடைக்குக் கேக்காதீங்க தம்பி, நஷ்டம். பீஸ் கணக்குல எடுத்துக்கோங்க."

இந்தப் பழத்து மேல எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. ஆறாங்கிளாஸ்ல என் பட்டப்பேரு பப்ளிமாஸ். ஏன்னு விளக்கத் தேவையில்லை. உங்க கிளாஸ்லயும் ஒரு பப்ளிமாஸ் இருந்திருப்பான். கன்னம் உப்பின குழந்தையைப் பார்த்தா நம்ம ஊர்ல தானா வாயில வர்ற வார்த்தை அது. கூப்பிட்ட பசங்கள்ல பாதிப் பேர் அந்தப் பழத்தைப் பார்த்ததுகூட இல்லை. நானும்தான். பெரிசு, உருண்டை, கனம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவ்வளவுதான்னு நினைச்சுட்டிருந்தேன்.

அதனால இந்த எபிசோடுக்கு ஒரே கேள்வி. இவ்வளவு பெரிய பழம் எங்கிருந்து வந்தது, அதன் பெரிய உடம்பால் உலகத்துக்கு என்ன ஆச்சு? தேடப் போனப்போ எனக்கே எதிர்பாராத ஒரு பதில் கிடைச்சது. அதுக்குக் கடைசியில வர்றேன்.

மூன்று பெயர், ஒரே அர்த்தம்

முதலில் பழத்தோட சொந்த ஊர். தென்கிழக்கு ஆசியாவும் அதை ஒட்டிய தென்சீனமும்தான் பம்ப்ளிமாஸின் வீடு. இந்தோனேசியாவில் இதை 'ஜெருக் பெசார்' என்கிறார்கள். 'ஜெருக்' என்றால் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழம். 'பெசார்' என்றால் பெரியது. உள்ளூர்க்காரர்களே வேறு பெயர் யோசிக்கவில்லை.

ஐரோப்பியர்கள் யோசித்தார்களா? அதற்கு ஒரு மனிதரின் கதை சொல்லணும். கியோர்க் எபெர்ஹார்ட் ரம்ஃபியஸ். 1627-இல் ஜெர்மனியில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குப் போனார். லவங்கம் விளைகிற தீவு அது. கம்பெனிக்கு அங்கே தேவை லவங்கம். ரம்ஃபியஸுக்குத் தேவை அங்கே முளைக்கிற எல்லாச் செடியும்.

ஒவ்வொரு செடியாகப் பார்த்து, உள்ளூர்ப் பெயர் கேட்டு, வரைந்து, எழுதிக்கொண்டே வந்தார். 1670-இல் கண் பார்வை போய்விட்டது. 1674-இல் வந்த நிலநடுக்கத்தில் மனைவியும் மகளும் இறந்துபோனார்கள். 1687-இல் நடந்த தீ விபத்தில் வரைபடங்கள் எரிந்தன. திரும்பவும் வரைய வைத்தார். 1692-இல் கையெழுத்துப் பிரதி ஏற்றிப்போன கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நல்லவேளை, படாவியாவில் ஒரு நகல் இருந்தது. அந்த நகல் ஹாலந்து போய்ச் சேர்ந்த பிறகும் கம்பெனி அச்சிட விடவில்லை. போட்டி நாடுகளுக்கு வியாபார ரகசியம் தெரிந்துவிடுமே என்ற பயம். 1702-இல் ரம்ஃபியஸ் இறந்தார். புத்தகம் வெளிவரத் தொடங்கியது 1741-இல்.

அந்தப் புத்தகத்தில் நம்ம பழமும் இருக்கு. அவர் வைத்த லத்தீன் பெயர் 'லிமோ டெகுமானுஸ்'. டெகுமானுஸ் என்றால் நேரடி அர்த்தம் 'பத்தாவது'. கடலில் வரும் அலைகளில் பத்தாவது அலைதான் பெரிசு என்று ரோமானியர்கள் நம்பினார்கள். அதனால் பத்தாவது என்ற சொல்லுக்கே 'பிரம்மாண்டம்' என்று அர்த்தம் வந்துவிட்டது. தீவில் உட்கார்ந்து கடலைப் பார்த்த மனிதர், ஒரு பழத்துக்கு அலையின் பெயரை வைத்தார்.

புத்தகத்தைப் பதிப்பித்த ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் யோஹான்னஸ் பர்மன், 1755-இல் அட்டவணை போடும்போது 'மாக்சிமும்' என்ற சொல்லைப் போட்டார். மிகப் பெரியது. சுவீடன் கம்பெனிக் கப்பலில் சீனாவுக்குப் போய்வந்த பாதிரியாரும் லின்னேயஸின் மாணவருமான பேர் ஆஸ்பெக்கின் பெயரோடு சேர்ந்து புழங்குவது 'சிட்ரஸ் கிராண்டிஸ்'. கிராண்ட் என்ற சொல் அதுக்குள்ளயே இருக்கு பாருங்க. லின்னேயஸ் தன் பங்குக்கு, ரம்ஃபியஸின் சொல்லையே எடுத்து 'சிட்ரஸ் டெகுமானா' என்றார். கடைசியில் 1917-இல் எல்மர் மெரில் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், ரம்ஃபியஸின் செடிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நிலைநிறுத்திய பெயர் 'சிட்ரஸ் மாக்சிமா'. இன்று வரை அதுதான்.

டெகுமானா, கிராண்டிஸ், மாக்சிமா. மூன்றுக்கும் ஒரே அர்த்தம். மணத்தையோ சுளையின் நிறத்தையோ ருசியையோ யாரும் பெயராக வைக்கவில்லை. பார்த்த உடனே 'அடேயப்பா'தான். எங்க ஆறாங்கிளாஸ் பசங்களும் இதையேதான் பண்ணாங்க. லத்தீன்தான் தெரியாது.

பம்ப்ளிமாஸ் தமிழ்ச் சொல்லா?

இங்க கொஞ்சம் நிக்கணும். இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது இணையத்தில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பழத்தை 'பாம்ப்ளமூஸ்' என்கிறார்கள், டச்சுக்காரர்கள் 'பொம்பெல்மூஸ்' என்கிறார்கள், இது எல்லாமே தமிழிலிருந்து போனது, 'பம்ப லிமாசு' என்றால் தமிழில் 'பெரிய எலுமிச்சை' என்று அர்த்தம்! லட்சம் பேர் ஷேர் பண்ணக்கூடிய செய்தி.

எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. ஆனா நீங்களே யோசிங்க. தமிழில் 'லிமாசு' என்று எந்தப் பழத்தையாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நம்மகிட்ட இருக்கிற சொற்கள் எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி, கொளுஞ்சி. 'பம்ப' என்று தொடங்கி 'லிமாசு' என்று முடிகிற அமைப்பே நம்ம பழப் பெயர் மாதிரி ஒலிக்கவில்லை. மொழி அறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது எதிர்த்திசைப் பயணத்தை. டச்சுக்காரர்களின் 'பொம்பெல்மூஸ்' நம்மிடம் வந்து பம்ப்ளிமாஸ் ஆகி, வாய்க்கு இன்னும் லகுவாகப் பப்ளிமாஸ் ஆனது. அந்த டச்சுச் சொல்லில் பூசணிக்கான டச்சுச் சொல்லும் எலுமிச்சைக்கான போர்ச்சுகீசியச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது ஒரு ஊகம். அதாவது பூசணி எலுமிச்சை. மறுபடியும் சைஸ்!

டச்சுச் சொல் நமக்கு எப்படி வந்திருக்கும்? பழவேற்காட்டில் அவர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியர்களிடமிருந்து பிடித்தார்கள். பழவேற்காட்டுத் துணி படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போச்சு. அந்தத் தீவுகளின் சரக்கு இங்கே வந்தது. அந்தத் தொடர்பு நம் பேச்சில் இன்னும் கிடக்கு. கையில் இருக்கிற 'துட்டு' டச்சுக் காசின் பெயர். 'கக்கூஸ்' டச்சுக்காரர்களின் கழிவறை. துட்டு, கக்கூஸ், பம்ப்ளிமாஸ். ஒரு கம்பெனி விட்டுட்டுப் போன சொத்து! வங்காளத்தில் இந்தப் பழத்துக்குப் பெயர் 'பாத்தாபி லெபு'. படாவியா எலுமிச்சை என்று அர்த்தம். எங்கிருந்து வந்து இறங்கியது என்று அவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

தமிழுக்கு இதில் பெருமை இல்லையான்னு கேட்டா, இருக்கு. வேற பழத்துல. ஆங்கில 'ஆரஞ்ச்' என்ற சொல்லைப் பின்னாடி துரத்திக்கிட்டே போனா இத்தாலியம், அரபு, பாரசீகம், சமஸ்கிருத 'நாரங்க' என்று போய், அதுக்கும் பின்னால் நம்ம 'நாரத்தை'யின் குடும்பத்துத் திராவிடச் சொல்லில் போய் நிற்கும். இதைப் பல அறிஞர்கள் ஏற்கிறார்கள். இருக்கிற பெருமையைச் சரியா சொல்றதுக்கே நேரம் போதாது. இல்லாததுக்கு ஏன் சண்டை?

பெயரைப் பறிகொடுத்த பழம்

டச்சுக்காரர்கள் இந்தப் பழத்தைக் கொண்டுபோன இடங்களில் ஒன்று மொரிஷியஸ். 1638-லிருந்து 1710 வரை இடையிடையே அவர்கள் அங்கே இருந்தார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள், இந்தப் பழ மரங்கள் இருந்த பகுதிக்கு 'பாம்ப்ளமூஸ்' என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் அந்த மாவட்டத்துக்கு அதுதான் பெயர். ஆளுநர் மாஹே த லபூர்தொனே அங்கே தோட்டம் போட்டது 1730களில். அவர் காலத்தில்தான் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் கட்டுமான வேலைக்காக அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு பியர் புவாவ்ர் அந்தத் தோட்டத்தைப் பெரிய தாவரவியல் பூங்காவாக மாற்றினார். மொரிஷியஸ் போகிற சுற்றுலாக்காரர்கள் அங்கே ராட்சச அல்லி இலையோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயருக்குக் காரணம் ஒரு பழம் என்பது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

ஆனா இன்னிக்கு பாரிஸில் ஒரு கடைக்குப் போய் 'பாம்ப்ளமூஸ்' கேட்டீங்கன்னா கையில கொடுக்கிறது இந்தப் பழத்தை இல்லை. ஒரு ஆரஞ்சை விடக் கொஞ்சம் பெரிசா, கசப்பு கலந்த சாறோட இருக்கிற கிரேப்ஃப்ரூட்டைத் தருவாங்க. பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்களும் 'பொம்பெல்மூஸ்' என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெரிய பழத்தின் பெயரைச் சின்னப் பழம் எடுத்துக்கொண்டது.

அந்தச் சின்னப் பழம் யார்? இந்தப் பெரிய பழத்தின் பிள்ளை.

கதை பார்படோஸ் தீவில் நடக்கிறது. கரீபியக் கடல், 17ஆம் நூற்றாண்டு. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் ஜமைக்காவின் தாவரங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1707-இல் வந்தது. கிழக்கிந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில் ஷாடாக் என்ற கப்பல் தலைவர் பார்படோஸில் நின்று இந்தப் பழத்தின் விதையை விட்டுப் போனார் என்று அதில் குறிப்பிடுகிறார். அதனால் ஆங்கிலத்தில் பம்ப்ளிமாஸுக்கு 'ஷாடாக்' என்றே ஒரு பெயர் உண்டு. பின்னால் ஆவணங்களைத் துருவியவர்கள், அவர் பிலிப் சாடாக் என்ற கப்பல்காரராக இருக்கலாம் என்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பார்படோஸ் எப்படி இருந்தது என்பதையும் மனசுல வச்சுக்கணும். 1640களிலிருந்து தீவு முழுக்கக் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் ஓடிய தோட்டங்கள். விதை கொண்டுவந்த கப்பல்காரருக்குப் பெயர் இருக்கு. மண்ணைத் தோண்டி, தண்ணி ஊத்தி மரத்தை வளர்த்தவர்களுக்கு இந்தக் கதையில் பெயரே இல்லை.

சாத்துக்குடியும் ஆரஞ்சும் ஏற்கெனவே அங்கே இருந்தன. பம்ப்ளிமாஸும் வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிடாமல் ஆரஞ்சுக்கும் பம்ப்ளிமாஸுக்கும் பிறந்த கலப்புதான் கிரேப்ஃப்ரூட். 1750-இல் பார்படோஸின் இயற்கை வரலாற்றை எழுதிய கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார், 'விலக்கப்பட்ட கனி' என்ற பெயரில் ஒரு பழத்தை விவரித்தார். அது கிரேப்ஃப்ரூட் அல்லது அதன் நெருங்கிய சொந்தம் என்று கருதப்படுகிறது. 1814-இல் ஜமைக்காவில் ஜான் லுனன் 'கிரேப்ஃப்ரூட்' என்ற சொல்லை எழுதுகிறார். திராட்சை மாதிரி கொத்தாகக் காய்க்கிறதால்தான் அந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1830-இல் ஜேம்ஸ் மக்ஃபேடியன் அதைத் தனி இனம் என்று நினைத்து 'சிட்ரஸ் பாரடிசி' என்று பெயர் வைத்தார். சொர்க்கத்துப் பழம்! அம்மாவுக்கு 'பெரிசு' என்று பெயர், பிள்ளைக்கு 'சொர்க்கம்' என்று பெயர்.

அப்புறம் நடந்தது வியாபாரம். கிரேப்ஃப்ரூட் புளோரிடாவுக்குப் போனது, பெட்டியில் அடுக்க வசதியான சைஸ், பாதியாக வெட்டி ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடலாம். பம்ப்ளிமாஸை அப்படிச் செய்ய முடியாது. கத்தி வேணும், விரலில் வலு வேணும், கால் மணி நேரம் வேணும், கூட நாலு பேர் வேணும். பெட்டிக்கும் அவசரத்துக்கும் பழகிய சந்தையில் அந்தப் பெரிய உடம்புதான் அதுக்கு எதிரியாப் போச்சு.

விழுந்தாலும் உடையாத உடம்பு

ஆனா அந்த உடம்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. நான் குப்பையில் போட்ட அந்தத் தோல் இருக்கே, வெளியே மெல்லிய, எண்ணெய்ப் பை நிறைந்த பகுதி. அதுக்கு உள்ளே ரெண்டு விரல் கனத்துக்கு வெள்ளையா, பஞ்சு மாதிரி. சுளையை எடுக்கிறதுக்கு இது ஏன் குறுக்கே நிக்குதுன்னு எரிச்சல் வரும்.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பஞ்சைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரு கிலோ, ரெண்டு கிலோ எடையுள்ள பழம் உயர மரத்திலிருந்து தரையில் விழுகிறது. தர்பூசணி என்றால் சிதறிவிடும். பம்ப்ளிமாஸ் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் வெளியே பெரிய காயம் இல்லாமல் கிடக்கிறது. காரணம் அந்த வெள்ளைப் பகுதி. வெளித்தோலின் நெருக்கமான செல்கள் உள்ளே போகப்போகப் படிப்படியாகக் காற்று நிறைந்த நுரை மாதிரி ஆகின்றன. விழுகிற வேகம் அந்த நுரையில் பரவி அடங்கிவிடுகிறது. இந்த அமைப்பைப் பார்த்து, ஆகன் நகரத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து உலோக நுரை செய்து பார்த்தார்கள். அடியைத் தாங்கும் இலேசான பொருள் வேண்டும், ஹெல்மெட் மாதிரி இடங்களுக்கு உதவும் என்பது நோக்கம்.

பழக்காரர் நஷ்டம்னு சொன்ன அந்தப் பாதி எடை, மரத்தோட கணக்கில் நஷ்டம் இல்லை. கனமான பழத்தைக் காப்பாத்துறதுக்கு மரம் பண்ற செலவு.

ஐந்து கிலோ

எடைன்னு வந்துட்டா சாதனை பேசாம இருக்க முடியாது. உலகின் பெரிய பம்ப்ளிமாஸ் வகை இப்போ இருக்கிறது ஜப்பானில். பெயர் பான்பெய்யூ. கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்து யட்சுஷிரோ ஊரின் அடையாளம் அது. 'தாமதமாகப் பழுக்கும் வெள்ளைப் பம்ப்ளிமாஸ்' என்பது பெயரின் அர்த்தம். சாதாரணமாகவே 2 கிலோ வரும்.

அதுவும் ஊர் விட்டு ஊர் போன பழம்தான். மலாயாவில் தோன்றிய வகை என்கிறார்கள். 1920-இல், ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானைச் சேர்ந்த ஒரு தாவர ஆய்வாளர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனின் தாவரவியல் பூங்காவில் இதைச் சுவைத்துப் பார்த்து, கன்று வாங்கித் தைவானுக்குக் கொண்டுபோனார். 1930 வாக்கில் அங்கிருந்து கியூஷுவுக்கு வந்தது. ஒரு பழத்தின் பயணத்தில் மூணு பேரரசு.

2005-இல் யட்சுஷிரோவில் விளைந்த ஒரு பழம் 4.86 கிலோ எடையோடு கின்னஸில் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை. அப்போது ஒரு எலுமிச்சையின் சாதனை இதை விடப் பெரிசு. 2003-இல் இஸ்ரேலில் விளைந்த 5.265 கிலோ எலுமிச்சை! ஊர் முழுக்க 'மாக்சிமா' என்று பெயர் வாங்கிய பழத்தை ஒரு எலுமிச்சை ஜெயித்துவிட்டது. 2021-இல் மறுபடி யட்சுஷிரோவிலிருந்து 5.38 கிலோவில் ஒரு பான்பெய்யூ வந்துதான் மானம் காப்பாத்தப்பட்டது. ஒரு தலைக்கு வைக்கிற தலையணை சைஸ், பிறந்து ஒன்றிரண்டு மாதம் ஆன குழந்தையின் எடை.

அந்த ஊரிலேயே ஹினாகு என்ற வெந்நீர் ஊற்று இருக்கு. குளிர்காலத்தில் அந்தக் குளியல் தொட்டிகளில் பான்பெய்யூக்களை மிதக்க விடுகிறார்கள். மணக்க மணக்கக் குளிக்கலாம். அத்தனை எடையும் தண்ணியில் மிதக்கும். காரணம் அதே பஞ்சுத் தோல்.

அந்தப் பதில்

சரி, ஆரம்பத்துல சொன்ன எதிர்பாராத பதிலுக்கு வர்றேன்.

2018-இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 60 வகை சிட்ரஸ் செடிகளின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். சிட்ரஸ் குடும்பம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அஸ்ஸாம், மியான்மரின் வடக்கு, யுன்னான் பக்கம், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைத்துப் பரவத் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு. நாம் கடையில் பார்க்கிற முக்கியமான சிட்ரஸ் பழங்களுக்கு மூல முன்னோர்கள் மூன்று பேர். கமலா ஆரஞ்சு வகை. நம்ம ஊர் நார்த்தங்காயின் சொந்தமான சிட்ரான். மூணாவது, பம்ப்ளிமாஸ்.

நாம் சாப்பிடுகிற ஆரஞ்சு ஒரு மூல இனமே இல்லை. பம்ப்ளிமாஸும் கமலாவும் கலந்து வந்தது. புளிப்பு ஆரஞ்சும் அந்த இரண்டின் கலப்பு. அந்தப் புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேர்ந்ததுதான் மேல்நாட்டு லெமன். கிரேப்ஃப்ரூட் கதையை ஏற்கெனவே பார்த்தோம். அப்போ பம்ப்ளிமாஸ் ஆரஞ்சுக்குப் பெற்றோர், லெமனுக்குப் பாட்டி, கிரேப்ஃப்ரூட்டுக்கு இரண்டு வழியிலும் உறவு.

பாட்டின்னு சும்மா சொல்லலை. செடியின் பசுங்கணிகத்துக்குத் தனி மரபணு உண்டு. அது பெரும்பாலும் தாய் வழியாகத்தான் வரும். ஆரஞ்சு, புளிப்பு ஆரஞ்சு, லெமன், கிரேப்ஃப்ரூட் இவற்றின் பசுங்கணிகம் பம்ப்ளிமாஸினுடையது. அதாவது தாய்வழியில் இவர்கள் எல்லோரும் பம்ப்ளிமாஸ் வீட்டுப் பிள்ளைகள்.

இந்த எபிசோடையே எனக்குப் பண்ண வைத்த விஷயம் இதுதான். அதே ஆய்வில், கமலா, ஆரஞ்சு வகைகளில் பம்ப்ளிமாஸின் மரபணு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்தார்கள். எந்த வகையில் பம்ப்ளிமாஸின் பங்கு அதிகமோ, அந்த வகையின் பழம் பெரிசு. கலப்பே இல்லாத காட்டுக் கமலாக்கள் சின்னவை, புளிப்பானவை. ஆயிரக்கணக்கான வருஷமா விவசாயிகள் பெரிய பழமாப் பொறுக்கிப் பொறுக்கி நட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாமலே அவங்க பொறுக்கினது பம்ப்ளிமாஸின் பங்கை.

நாளைக்கு நீங்க ஜூஸ் கடையில் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கும்போது, அந்தப் பழம் கோலிக்குண்டு சைஸுக்குச் சுருங்காம ஒரு டம்ளர் சாறு தர்ற அளவுக்கு உப்பியிருக்கே, அதில் ஒரு பங்கு இந்தப் பெரியவரோட தயவு. பெட்டியில் அடங்கலைன்னு சந்தை ஒதுக்கின அதே பெரிய உடம்பு, கொஞ்சம் கொஞ்சமா எல்லாப் பெட்டிக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருக்கு.

பாரிஸில் பெயரைப் பறிகொடுத்தது, பெல்ஜியத்தில் பறிகொடுத்தது. நம்ம ஊர்ல மட்டும் பழக்காரர் 'பம்ப்ளிமாஸ்'னு கூப்பிட்டா இன்னும் அசல் பழத்தைத்தான் கூப்பிடுறார். சொல் நம்முடையது இல்லைதான். ஆனா வந்த சொல்லை வந்த அர்த்தத்தோடயே வச்சிருக்கோம். 'பம்ப லிமாசு' பதிவை ஷேர் பண்றதுக்குப் பதிலா இதை ஷேர் பண்ணலாம்.

ஆறாங்கிளாஸ் நண்பர்கள் யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, பழைய கோபம் ஒண்ணும் இல்லை. நான் இப்போ மைக்கை ஆஃப் பண்ணிட்டு இந்தப் பழத்தை உரிக்கப் போறேன். எடிட்டர், சவுண்ட் பார்க்கிறவர், நான், எதிர் வீட்டு அக்கா. நாலு பேர் இருக்கோம், போதும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.